நான்கு கூறும் ஒரு ஸ்கோப்பும்

காசிமேட்டில் புஷ்பவல்லியின் முகத்தைப் பார்த்திராதவர்கள் உண்டு. குரலைக் கேட்டிராதவர்கள் கிடையாது. துறைமுகத்து ஏலக்கூடத்தில் அவள் விலை கூவினால் பழவேற்காடு வரைக்கும் கேட்கும் என்பார்கள். அது கொஞ்சம் அதிகப்படி. எண்ணூர் வரைக்கும் என்றால் நம்பலாம். முப்பத்தெட்டு வயது. மூக்கு நுனியில் கோபம், அது போன கையோடு வயிறு குலுங்கச் சிரிப்பு. இருபது வருடமாக மீன் கூறு போட்டு விற்கிறாள். அவள் போட்ட கூறில் ஒரு மீன் கூடுதல், ஒரு மீன் குறைவு என்று இதுவரை எவரும் சண்டைக்கு வந்ததில்லை. வந்திருந்தால் திரும்பிப் போயிருக்க மாட்டார்கள்.

அப்பேர்ப்பட்டவள் துப்பாக்கி தூக்கிய கதை இது. போனில்தான் தூக்கினாள், பயப்பட வேண்டாம்.

சித்திரை பிறந்தால் மீன்கள் குஞ்சு பொரிக்கும் காலம் என்று விசைப்படகுகள் கடலுக்குப் போக இரண்டு மாதம் தடை. படகுகளைக் கரையேற்றிப் பெயின்ட் அடிப்பார்கள், எஞ்சினைப் பிரிப்பார்கள், வலை பின்னுவார்கள். அதெல்லாம் முடிந்த பிறகு காசிமேட்டு ஆண்பிள்ளைகளுக்கு இருக்கும் ஒரே தொழில் போன் நோண்டுவது. புஷ்பவல்லியின் தம்பி பொன்ராஜ், அலெக்ஸாண்டர் என்பவரின் படகில் வலை இழுக்கிறவன். இரண்டு வருடத்துக்கு முந்தைய தடைக்காலத்தில் அவன் அக்கா வீட்டு வாசலில் உட்கார்ந்து காலையிலிருந்து சுட்டுக்கொண்டிருந்தான்.

"டேய், இன்னாடா டமாலு டுமீலுன்னு? குட்றா அத்த, கடல்ல கடாசிட்றேன்!"

"யக்கா, வேணாங்கா! மேட்ச் ஓடிக்கினு கீது!"

பிடுங்கினாள். பிடுங்கிய வேகத்தில் கட்டைவிரல் எதன் மேலோ அழுந்தியது. திரையில் கதவுக்குப் பின்னாலிருந்து பாய்ந்து வந்த ஒருவன் மல்லாக்க விழுந்தான்.

"இன்னாடா ஆச்சு இவனுக்கு?"

"செத்துட்டான்கா. அவன்தான் அரை மணி நேரமா எங்கள பேஜார் பண்ணிகினு இருந்தான்."

புஷ்பவல்லி போனைக் கடலில் எறியவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தம்பி பக்கத்தில் உட்கார்ந்தாள். "அடுத்தவன் எங்கடா கீறான்?" என்றாள்.

ஆட்டம் இதுதான். நாலு நாலு பேராகக் கூட்டணி போட்டு, நூறு பேர் ஒரு தீவில் வெறுங்கையோடு குதிக்க வேண்டும். வீடு வீடாகப் புகுந்து கிடைக்கிற துப்பாக்கி, தோட்டா, மருந்து, குண்டுகளைப் பொறுக்க வேண்டும். தோளில் இரண்டு துப்பாக்கிதான் மாட்டலாம். முதுகுப் பையில் இடம் கொஞ்சம்தான். ஒவ்வொரு துப்பாக்கிக்கும் அதனதன் நிறத் தோட்டாதான் சேரும். தீவைச் சுற்றி ஒரு வட்டம் சுருங்கிக்கொண்டே வரும், வெளியே நின்றால் சாவு. கடைசியில் மிஞ்சி நிற்கும் கூட்டணிக்கு வெற்றி.

பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பது ஊர் வழக்கு. புஷ்பவல்லி பந்தியில் கடைசி ஆளாக உட்காருவாள், படையில் முதல் ஆளாகப் போய் நிற்பாள். அவளுக்குப் பிடித்தது ஷாட்கன். பத்தடிக்குள் வந்தவனை ஒரே வெடியில் சாய்த்துவிடும், இருபதடி தள்ளி நின்றால் கொசு கடித்த மாதிரிகூட இருக்காது. அது போதும் அவளுக்கு. வலது தோளில் ஒரு ஷாட்கன், இடது தோளிலும் ஒரு ஷாட்கன். தூரத்திலிருந்து சுடும் துப்பாக்கியைத் தொடவே மாட்டாள்.

"நூறு அடி தள்ளி நின்னு சுடறது ஒரு சண்டையாடா? போன்ல திட்டற மாரி கீது. மூஞ்சிக்கு நேரா வந்து திட்டணும்."

இந்த வருடத் தடைக்காலத்துக்குள் அவர்களுக்கு ஒரு நல்ல கூட்டணி அமைந்திருந்தது. பொன்ராஜ் ஸ்னைப்பர்காரன். கண்ணுக்கெட்டாத தூரத்தில் நிற்பவனையும் ஸ்கோப் வழியாகப் பார்த்துத் தட்டுவான். மூன்றாவது ஆள் சுஹைப், ராயபுரத்தில் அப்பாவோடு வலை, கயிறு, மிதவை விற்கும் கடைக்காரன். கை கொஞ்சம் மெதுவு, ஆனால் பதற மாட்டான். நாலாவது கீர்த்தி. எர்ணாவூர் பெண், கம்பெனியில் ஷிப்ட் வேலை, ஆட்டத்தில் எந்தப் பக்கம் போவது என்று சொல்கிறவள் அவள்தான். கூட்டணியின் பெயர் "கூறு". வைத்தது யார் என்று சொல்லத் தேவையில்லை.

பெயருக்கேற்ற ஒரு வழக்கமும் அவர்களிடம் இருந்தது. படகில் போகிறவர்களுக்குப் பங்கு என்பது சாமி மாதிரி. கரைக்கு வந்த மீன் விற்றதும் ஆளுக்கு இவ்வளவு என்று பங்கு போட்டுவிட வேண்டும். பங்கில் ஏமாற்றினான் என்று ஒரு முறை பெயர் வாங்கியவனை வேறு எந்தப் படகிலும் ஏற்ற மாட்டார்கள். அதே நியாயத்தைப் புஷ்பவல்லி அந்தத் தீவுக்கும் கொண்டுபோய்விட்டாள். ஒரு வீட்டைத் துழாவி முடித்ததும் நாலு பேரும் பொறுக்கியதை நடுக்கூடத்தில் கொட்ட வேண்டும். அவள் கூறு போடுவாள். பச்சைத் தோட்டா நாலு பங்கு, மஞ்சள் தோட்டா நாலு பங்கு, சிவப்புத் தோட்டா நாலு பங்கு, மருந்து நாலு பங்கு. ஸ்கோப் மாதிரி ஒற்றைப் பொருளாக இருந்தால் முறை வைத்து ஆளுக்கொரு தடவை. உலகத்தில் எந்தக் கூட்டணியும் இப்படி ஆடியிருக்காது. கீர்த்தி இரண்டொரு முறை முனகிப் பார்த்தாள். அக்காவின் முறைப்புக்கு முன்னால் அந்த முனகல் நிற்கவில்லை.

அப்போதுதான் அலெக்ஸாண்டர் போட்டி அறிவித்தார். தடைக்காலத்தில் பையன்கள் சும்மா அடித்துக்கொள்வதைப் பார்த்து அலுத்துப்போய், கல்யாண மண்டபம் ஒன்றைப் பிடித்து, ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் உள்ள கூட்டணிகளை எல்லாம் அழைத்தார். பரிசாகக் கோப்பை கீப்பை எதுவும் கிடையாது. அவருடைய படகு அப்போது பெயின்ட் அடிக்கக் கரையேறி நின்றது. "ஜெயிக்கிறவங்க பேர எம் போட்டு கேபின்ல எழுதுவேன். அடுத்த வருசம் பெயின்ட் அடிக்கிற வரிக்கும் கடல்ல அந்தப் பேருதான் சுத்தும்" என்றார்.

மற்றவர்களுக்கு அது ஒரு கெத்து. புஷ்பவல்லிக்கு அப்படியில்லை. காசிமேட்டில் படகுகளுக்கு முதலாளிகளின் பெண் பெயர்தான் வைப்பார்கள். அலெக்ஸாண்டரின் படகு அவர் மகள் ஜெஸ்லினின் பெயரில்தான் ஓடுகிறது. புஷ்பவல்லியின் அப்பா கடைசிவரை ஊரார் படகில் வலை இழுத்தவர். சின்ன வயதில் அவள் துறைமுகத்தில் வரிசையாக நிற்கும் படகுகளின் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டே போவாள். எல்லாப் பெண்களும் இருந்தார்கள், அவள் மட்டும் இல்லை. இருபது வருடமாக "ஜெஸ்லின் மீனு, ஜெஸ்லின் மீனு" என்று கூவி விற்கிறவளுக்கு அது உறுத்திக்கொண்டேதான் இருந்தது. பொறாமைதான். அதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று தன் புருஷன் கருணாகரனிடம்கூடச் சொன்னதில்லை. போட்டிக்கு முந்தைய நாள்தான் மெதுவாகச் சொன்னாள்.

"ஜெயிச்சா எம் பேரு போட்டு மேல வரும்யா."

ஐஸ் வண்டி ஓட்டும் கருணாகரன் சிரிக்கவில்லை. "அப்ப ஜெயிச்சுட்டு வா" என்றான்.

மண்டபத்தில் முகூர்த்தத்துக்குக்கூட அவ்வளவு கூட்டம் வந்திருக்காது. மேடையில் மாப்பிள்ளை நாற்காலி இருக்கும் இடத்தில் பெரிய திரை. பந்தி மேசைகளில் நாலு நாலு பேராக உட்கார்ந்திருந்தார்கள். காலையில் ஓர் ஆட்டம். அதில் முன்னணியில் வரும் கூட்டணிகளுக்கு மதியத்தில் கடைசி ஆட்டம்.

காலை ஆட்டத்தில் கூறு கூட்டணி நன்றாகத்தான் போனது. வட்டம் சுருங்கிச் சுருங்கி நாலே கூட்டணிகள் மிஞ்சியபோது பொன்ராஜ் ஒரு பாறை மேல் படுத்திருந்தான். எதிரே வயல்வெளியில் மூன்று பேர் மறைவே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தார்கள். அல்வா மாதிரி வாய்ப்பு. ஒருவனைத் தட்டினான். அடுத்து அழுத்தினான். டிக் என்றது.

"மஞ்சத் தோட்டா தீந்துபோச்சு! யாராண்ட கீது?"

எல்லாரிடமும் இருந்தது. மஞ்சள் தோட்டாவைத் தின்னும் துப்பாக்கி ஒன்றுகூட இல்லாத சுஹைப்பிடம் கால் பங்கு, கீர்த்தியிடம் கால் பங்கு, இரண்டு ஷாட்கன்களோடு ஒரு சுவருக்குப் பின்னால் பதுங்கியிருந்த புஷ்பவல்லியிடம் கால் பங்கு. அது போதாதென்று, எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டும் பெரிய ஸ்கோப்பும் அன்று முறைப்படி அவள் பையில்தான் இருந்தது. எழுந்து ஓடிப்போய்க் கொடுக்கலாம் என்றால் நடுவில் வெட்டவெளி. வயலில் ஓடியவர்கள் மரத்துக்குப் பின்னால் போய் மூச்சு வாங்கிக்கொண்டு, சாவகாசமாக நாலு பேரையும் ஒவ்வொருவராக முடித்தார்கள். ஓடியது அமான் என்ற பையனின் திருவொற்றியூர் கூட்டணி. எப்படியோ நாலாவது இடம் கிடைத்ததால் கடைசி ஆட்டத்துக்குத் தப்பித்தார்கள்.

மண்டபத்தின் பின்பக்கம் சுஹைப் கொண்டுவந்த பிரியாணிப் பொட்டலங்களைப் பிரித்தார்கள். யாரும் வாயில் வைக்கவில்லை.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று புஷ்பவல்லிதான் ஆரம்பித்தாள். "குறி பாத்து சுட்டா தோட்டா ஏன்டா தீருது?"

கீர்த்தி போனைக் கீழே வைத்தாள். "யக்கா, உன் பையில இன்னா இருந்துச்சுன்னு சொல்லு. ஷாட்கன்ல அந்தப் பெரிய ஸ்கோப்ப மாட்ட முடியுமா? முடியாது. அப்பறம் அத்த இன்னாத்துக்கு தூக்கிகினு சுத்தன?"

"என் முறை. பங்குன்னா பங்கு. ஒருத்தனுக்கு கூட, ஒருத்தனுக்கு கம்மின்னு எங்க வூட்ல வழக்கம் இல்ல."

"ஸ்கோப்ப நாலா வெட்ட முடியாதுக்கா!"

"இன்னாடி, நான் பங்குல ஏமாத்தறேன்றியா?"

குரல் உயர்ந்ததில் சமையல்கட்டிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். சுஹைப் பொட்டலத்தை மூடினான். அக்காவை எதிர்த்துப் பேசியே பழக்கமில்லாத பொன்ராஜ் அப்போதுதான் வாயைத் திறந்தான்.

"யக்கா, ஒண்ணு கேக்கறேன். மீனுக்குத்தான பங்கு?"

"ஆமா."

"கரைக்கு வந்தப்பாலதான பங்கு? நடுக்கடல்ல வலைய நாலா கிழிச்சி ஆளுக்கு ஒரு துண்டு குடுத்துக்கினா நாங்க மீன் புடிக்கறோம்? ஸ்டீரிங்க ஆளுக்கு கால் மணி நேரம் புடிக்கறமா? யாருக்கு எது வருமோ அத்த அவன் கையில குடுப்போம். அந்தத் தீவுல நாம பொறுக்கறது மீன் இல்லக்கா. வலை."

புஷ்பவல்லிக்கு வெட்கமாக இருந்தது, அதைவிட ஆத்திரமாக இருந்தது, அதற்கும் மேலே, இவ்வளவு எளிதான விஷயத்தைத் தான் பார்க்கவில்லையே என்று சிரிப்பும் வந்தது. பிரியாணியை இழுத்து ஒரு வாய் போட்டுக்கொண்டாள்.

"சரி. பிரிங்கடா வலைய" என்றாள்.

பிரித்தார்கள். மஞ்சள் தோட்டா முழுக்கப் பொன்ராஜுக்கு, பெரிய ஸ்கோப் எங்கே கிடைத்தாலும் அவனுக்கு. ஸ்னைப்பர் நிதானமாகச் சுடும் துப்பாக்கி, பக்கத்தில் யாராவது வந்துவிட்டால் செத்தோம். அதனால் அவனுடைய இன்னொரு தோளில் சடசடவென்று பொரியும் சின்னத் துப்பாக்கி. சுஹைப்புக்கும் கீர்த்திக்கும் பச்சைத் தோட்டா ரைபிள்கள், ஒருவருக்குத் தீர்ந்தால் இன்னொருவர் தரலாம். கையெறி குண்டுகள் பதறாத சுஹைப்பிடம்.

"எனக்கு ரெண்டு ஷாட்கன்" என்றாள் புஷ்பவல்லி.

"ஒண்ணு" என்றாள் கீர்த்தி. "ரெண்டும் ஒரே வேலதான செய்யுது? வூட்டுக்குள்ள நீ ராணி. வூட்டுக்கு வூடு நடுவுல உன்னால இன்னா முடியும்? இன்னொரு தோள்ல எங்கள மாரியே பச்ச ரைபிள் மாட்டு. புகைக்குண்டும் நீதான் வெச்சிக்கணும். உள்ள போறவளுக்குத்தான் புகை வேணும்."

ரைபிள். அந்தப் போன்ல திட்டும் துப்பாக்கி. புஷ்பவல்லி கண்ணை மூடிப் படகின் கேபினை நினைத்துக்கொண்டாள். "குட்றீ" என்றாள்.

கடைசி ஆட்டத்தில் விமானத்திலிருந்து குதித்து இரண்டாவது வீட்டிலேயே பெரிய ஸ்கோப் புஷ்பவல்லியின் காலடியில் கிடந்தது. பழக்க தோஷம், கை ஒரு நொடி தயங்கியது. "பொன்ராஜு, இந்தா வஞ்சிரம்!" என்று எடுத்துப் போட்டாள். நடுக்கூடத்தில் கூறு இல்லை, பேரம் இல்லை. நாலு பேரும் எறும்பு மாதிரி அவரவர் சுமையோடு நகர்ந்தார்கள். பாலத்தில் ஒரு கூட்டணி மறித்தது. பொன்ராஜ் தூரத்திலேயே இரண்டு பேரைத் தட்ட, மிச்சம் இரண்டு பேரைச் சுஹைப்பின் குண்டு கிளப்ப, கிளம்பியவர்களில் ஒருவனைக் கீர்த்தி முடித்தாள். அதே இடத்தில் புஷ்பவல்லியின் ரைபிளும் தன் வாழ்க்கையிலேயே முதல் முறையாக மற்றவனை ஐம்பதடிக்கு அப்பால் சாய்த்தது.

"யப்பா! தூரத்துலேந்து திட்டனாலும் சோக்காத்தான் கீது!" என்று கத்தினாள். மண்டபமே திரும்பிப் பார்த்தது.

வட்டம் சுருங்கியது. கடைசியில் ஒரு மேடும் அதன் மேல் ஒற்றை மாடி வீடும்தான் மிஞ்சின. எதிரிகளில் மிச்சமிருந்த அமானும் அவன் ஆள் ஒருவனும் வீட்டுக்குள் முன்கூட்டியே புகுந்துவிட்டார்கள். மேடு ஏறும்போது மாடி ஜன்னலிலிருந்து வந்த சூட்டில் கீர்த்தி விழுந்தாள். அவளைத் தூக்கப் போன சுஹைப்பும் விழுந்தான். புஷ்பவல்லி ஒரு மரத்துக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டாள். ரைபிளில் தோட்டா இல்லை. காலையாக இருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் பக்கத்தில் விழுந்து கிடந்த சுஹைப்பின் பை நிறையப் பச்சைத் தோட்டா, அவளுடைய ரைபிள் தின்னும் அதே பச்சை. அள்ளினாள், நிரப்பினாள், மொட்டைமாடியில் தலை நீட்டியவனைச் சுட்டாள். அவன் விழுந்தான். இப்போது உள்ளே அமான் மட்டும்.

மண்டபத்தில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. கருணாகரன் நாற்காலி மேல் ஏறி நின்றான்.

"பொன்ராஜு, ஜன்னல மூட்றா! நான் உள்ள போறேன்!"

புகைக்குண்டைப் போட்டாள். வெள்ளைப் புகைக்குள் புகுந்து ஓடினாள். பொன்ராஜ் ஜன்னலுக்கு ஒரு தோட்டா, ஜன்னலுக்கு ஒரு தோட்டா என்று விடாமல் அனுப்பினான். ஒன்றுகூட அமான் மேல் படவில்லை, படவும் தேவையில்லை. தண்ணீரைத் தட்டித் தட்டி மீனை வலைப் பக்கம் விரட்டுகிற மாதிரிதான் அது. ஜன்னலில் நிற்க முடியாத அமான் பின்னால் நகர்ந்தான், மாடிப்படிக்கு வந்தான். படியின் கீழே, பத்தடிக்குள், ரைபிளைத் தோளில் போட்டுவிட்டு ஷாட்கனைக் கையில் எடுத்துக்கொண்டு புஷ்பவல்லி நின்றிருந்தாள்.

ஒரே வெடி.

அடுத்து மண்டபத்தில் எழுந்த சத்தம் நிச்சயமாகப் பழவேற்காட்டுக்குக் கேட்டிருக்கும். பொன்ராஜ் அக்காவைத் தூக்கப் பார்த்தான், முடியவில்லை, கட்டிக்கொண்டான். அமான் எழுந்து வந்து, "காலைல இப்டி ஆடலியேக்கா நீங்க?" என்று கேட்டான். "காலைல நான் மீன் வித்துகினு இருந்தேன்" என்றாள் அவள். அவனுக்குப் புரியவில்லை.

மறுநாள் நாலு பேரும் படகு நிற்கும் இடத்துக்குப் போனார்கள். நீலமும் மஞ்சளும் புதிதாய் மினுங்க ஜெஸ்லின் நின்றிருந்தது. பெயின்டர் கேபினின் பக்கப்பலகையைக் கையால் அளந்து காட்டினார். "இவ்ளோதான் எடம். நாலு பேரையும் எழுதுனா எறும்பு மாரி வரும், கரையில நிக்கறவனுக்கே தெரியாது. ஒரு பேருன்னா சோக்கா, பெரிசா எழுதலாம்."

புஷ்பவல்லி யோசிக்கவே இல்லை. "நாலும் எழுது நைனா. சின்னதா இருந்தா இருக்கட்டும். இது வலை இல்ல, மீனு. கரைக்கு வந்துடுச்சு. நாலு பங்கு."

"யக்கா, கம்னு இரு" என்றாள் கீர்த்தி. "எம் பேரு தெனம் கம்பெனி கார்டுல கழுத்துல தொங்குது. எனக்கு இன்னாத்துக்கு இது?"

"எம் பேரு அத்தா கடை போர்டுலயே கீதுக்கா" என்றான் சுஹைப்.

"நான் இந்த போட்டு மேலயேதான கீறேன்" என்றான் பொன்ராஜ். "மீன்தான் பங்கு போடலாம். பேர எப்டிக்கா பங்கு போடறது? நீ எழுது நைனா. புஷ்பவல்லி."

அவள் ஏதோ சொல்ல வந்தாள். பெயின்டர் அதற்குள் தூரிகையைச் சிவப்பில் தோய்த்து "பு" போட்டுவிட்டார். நாலு பேருக்கு முன்னால் அழுது பழக்கமில்லாதவள், பெயின்ட் வாடை கண்ணைக் கரிக்கிறது என்று சொல்லிவிட்டுத் தள்ளிப் போய் நின்றுகொண்டாள்.

தடை முடிந்து, கடலுக்குப் போன படகுகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. ஏலக்கூடத்தில் விடிகாலைக் கூட்டம். பொன்ராஜ் இறக்கிய வஞ்சிரப் பெட்டிகளுக்கு முன்னால் புஷ்பவல்லி நின்றாள். கொருக்குப்பேட்டையிலிருந்து வாங்க வரும் ராஜாத்தி, வழக்கமாகக் கேட்பதைத்தான் கேட்டாள்.

"யக்கா, எந்த போட்டு மீனு?"

இருபது வருடப் பழக்கத்தில் "ஜெஸ்" என்று தொடங்கிய நாக்கு பாதியில் நின்றது. புஷ்பவல்லி திரும்பிப் பார்த்தாள். கரையோரம் ஆடிக்கொண்டிருந்த படகின் கேபினில், உப்புத்தண்ணீர் பட்டும் மங்காமல், தூரத்திலிருந்தே படிக்கிற அளவுக்குச் சிவப்பு எழுத்துகள். சொல்ல வேண்டியதை ஒரு மாதமாக மனசுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்தாள். இப்போது கையை மட்டும் நீட்டிக் காட்டினாள்.

ராஜாத்தி கண்ணைச் சுருக்கிக்கொண்டு எழுத்துக் கூட்டினாள். "புஷ்ப... வல்லி. அடியம்மா! உம் பேருக்கா!"

புஷ்பவல்லி தொண்டையைச் செருமினாள். முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"வஞ்சிரம் ஏலம்! புஷ்பவல்லி மீனு! வாங்க, வாங்க, புஷ்பவல்லி மீனேய்!"